ஒரு கையில் செருப்பு

"நீங்க என்ன கிழமை?" என்று குட்டி கேட்டான்.

சலவைக்கூடத்தின் சூப்பர்வைசர் அக்கா ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு ஒன்றின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மறு முனைகள் குட்டியின் அம்மா கையில். இன்றைக்கு என்ன கிழமை என்றுதான் பையன் கேட்கிறான் என்று நினைத்து, "திங்கள்டா கண்ணு" என்றாள் அக்கா.

"நீங்க திங்களா?" குட்டி அவளை மேலும் கீழும் பார்த்தான். "எங்க திங்களம்மாவும் உங்கள மாதிரி குண்டாத்தான் இருப்பாங்க. ஆனா அவங்களுக்கு முன்னாடி பல்லு இல்ல."

மேஜையில் துணி தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். குட்டியின் அம்மா கையிலிருந்து விரிப்பு நழுவி ஈரத்தரையில் விழுந்தது. துவைத்தது போச்சு.

"எத்தன அம்மாடா உனக்கு?" என்றார் இஸ்திரிக்காரர்.

"ஆறு. இவங்க புதன்."

வேலைக்குச் சேர்ந்தபோது குட்டியின் அம்மா ஒரு கணவனைத் தயாரித்து வைத்திருந்தாள். கப்பலில் வேலை. தங்கமான மனுஷன். குடிப்பதில்லை, கை ஓங்குவதில்லை, வீட்டுக்கு வருவதும் இல்லை. மற்றப் பெண்கள் விசாரிக்க விசாரிக்க அவனுக்கு நல்ல குணங்கள் கூடிக்கொண்டே போயின; ஒரு கட்டத்தில் அவளுக்கே அவன்மேல் கொஞ்சம் பிரியம் வந்துவிட்டது. அந்தக் கப்பல் இப்போது எல்லோர் கண்ணெதிரிலும், தரையில் கிடந்த சோப்புத் தண்ணீரில், மூழ்கிப்போனது.

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று குட்டிக்குப் புரிந்துவிட்டது. தப்பு செய்தால் அடுத்து என்ன என்பது அவனுக்குத் தெரியும். சூப்பர்வைசர் அக்கா முன்னால் போய் நின்றான். உள்ளங்கை மேலே தெரிய வலது கையை நீட்டினான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"பசிக்குது போல" என்று இஸ்திரிக்காரர் அந்தக் கையில் ஒரு பிஸ்கட்டை வைத்தார்.

குட்டி அதைத் தின்னவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. அடி ஏன் இன்னும் விழவில்லை என்று பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றான். கூடத்தில் ஒவ்வொருவர் சிரிப்பாக அடங்கியது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொல்ல வேண்டியதாயிற்று. தலையைக் குனிந்துகொண்டு, டிபன் பாக்ஸ் மூடியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். ஊருக்கு வெளியே, மதில் போட்ட வளாகம். அதன் தலைவருக்குப் பெருந்தந்தை என்று பட்டம். பட்டத்தைக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் தனக்குத் தகுதியில்லை என்று ஒரு நாள் முழுக்க மறுத்துவிட்டுத்தான் ஏற்றுக்கொண்டார். மனைவிமார் ஆறு பேர், ஆளுக்கொரு கிழமை. கிழமைதான் பெயர், சொந்தப் பெயரை நினைவில் வைத்திருப்பது ஆணவம். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பெரிய மனசு பண்ணிக் கடவுளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அவரிடம் ஒரு பிரம்பு இருந்தது. அதற்கு 'அருள்' என்று பெயர். "இன்று அருள் யாருக்கு?" என்று சாயங்காலம் அவர் கனிவாகக் கேட்பார். பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் வரவேண்டும். பெண்களுக்கு அருள் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. வாங்கியவர்கள் நன்றி சொல்ல வேண்டும். அவளும் சொல்லியிருக்கிறாள், விலா எலும்பு விண்டுபோயிருந்தபோது, மூச்சை விட்டு விட்டு.

"நீயா போய்ச் சேர்ந்தியா, யாராவது கொண்டுபோய் விட்டாங்களா?" என்றாள் ஒரு பெண்.

"நானாத்தான் போனேன்" என்றாள் அவள். அதுதான் தொண்டையில் முள். படித்தவள். மேடையில் அவர் பேசியதைக் கேட்டுக் கண்ணீர் விட்டவள். அம்மா அப்பாவிடம், 'உங்களுக்கெல்லாம் இது புரியாது' என்று சொல்லிவிட்டுப் போனவள்.

"சரி விடு. எப்படிம்மா வெளிய வந்தே?" என்றார் இஸ்திரிக்காரர்.

அதைச் சொல்ல அவளுக்குப் பிடித்திருந்தது. அதில் அவள் முட்டாள் இல்லை. வளாகத்தில் தினமும் உச்சிவேளையில் 'கண்மூடல்' உண்டு. பெரிய கூடத்தில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்து, மணி அடிக்கும்வரை கண்ணை மூடியிருக்க வேண்டும். நடுவில் திறந்தால் மனக்கண் அவிந்துவிடும். பெருந்தந்தையும் உயர்ந்த நாற்காலியில் கண்ணை மூடுவார். மூடிய கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பும். அது குறட்டை இல்லை, மேலிடத்தோடு அவர் பேசும் மொழி. அதை மொழிபெயர்க்க ஒரு சீடர் இருந்தார். அவர் மணி அடித்தபிறகு எழுந்து, இன்று என்ன உத்தரவு வந்தது என்று விளக்குவார்.

"அந்தக் கொறட்டைக்குத் தாளம் தப்பாம நடந்து வந்தேன்கா. அவர் இழுக்கும்போது ஒரு அடி. விடும்போது ஒரு அடி." குறட்டையை அப்படியே விட்டுக் காட்டினாள். நடுவில் ஒரு விசில் வரும், அதையும் சேர்த்து.

"வாசல்ல காவல் இல்லியா?"

"இருந்தான். அவனும் கண்ண மூடிட்டுத்தான் நின்னான். ரொம்ப பக்தி."

இஸ்திரிக்காரருக்குப் புரையேறிவிட்டது. ஒரு பெண் அவர் தலையில் தட்டினாள். "கில்லாடிடி நீ" என்றாள் சூப்பர்வைசர் அக்கா. காலையிலிருந்து குட்டியின் அம்மா கழுத்தைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்த வெட்கம், நாலு பேர் சிரித்ததும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. அவள் முதல்முறையாக நிமிர்ந்து சாப்பிட்டாள்.

"ஒருத்தர் கூடவா பாக்கல?"

"ஒரு ஈ, காக்காகூடப் பாக்கலக்கா."

மூலையில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள் அவளுடைய பெரியவள். பத்து வயது. யாரும் கேட்டால் ஒழிய வாயைத் திறக்காத பெண். மடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்: "வாலு பாத்தாளே."

அம்மா வாயில் போட்ட கவளம் அப்படியே நின்றது.

"யாரு வாலு?" என்றாள் அக்கா.

"வெள்ளியம்மாவோட பொண்ணு. வெள்ளியம்மா செத்துப்போயிட்டாங்க."

ஜுரம் வந்து செத்தாள். டாக்டரிடம் போவது நம்பிக்கைத் துரோகம். மாதம் திரும்புவதற்குள் வேறொரு வெள்ளி வந்துவிட்டாள்; கிழமை காலியாக இருக்கக் கூடாதே. ஆனால் வந்தவள் தானே அழுதுகொண்டிருக்கும் சின்னப் பெண். எட்டு வயது வாலு தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு வந்து புதனின் பக்கத்தில் படுத்தாள். பிறகு அங்கேயேதான் படுத்தாள். தலை பின்னியது புதன். பேன் பார்த்தது புதன். மற்றவர்கள் வாலுவைத் தேடினால் புதனைத்தான் கேட்பார்கள்.

"அவ கண்ண திறந்துட்டா" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். "நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சதும் கைய நீட்டினா. தப்பு பண்ணிட்டா இல்ல, அதுக்கு. அடி வாங்கிக்கறதுக்கு. அங்க அப்படித்தான் பழக்கம். குட்டி காலைல நீட்டல? அந்த மாதிரி."

இதை அவள் தனக்குள் பல தடவை சொல்லிச் சொல்லி மழுமழுவென்று ஆக்கி வைத்திருந்தாள். சொல்லும்போது குரல் எங்கும் தட்டவில்லை.

பெரியவள் தலையணை உறையைக் கீழே வைத்தாள். "அடி வாங்கறதுக்கு இப்படி நீட்டுவோம்" என்று உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டினாள். "அவ இப்படி நீட்டினா." கையைப் பக்கவாட்டில், விரல்களை விரித்து, ரோட்டைக் கடக்கும்போது பிள்ளைகள் பெரியவர்களிடம் நீட்டுவதுபோல நீட்டினாள். "குட்டி உங்க இடுப்புல இருந்தான். நான் உங்க முந்தானைய பிடிச்சிட்டிருந்தேன். இன்னொரு கையில நீங்க செருப்பு வச்சிருந்தீங்கம்மா."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. கணக்குப் பாடத்தில் விட்டுப்போன வரியை எடுத்துக்கொடுப்பதுபோல இருந்தது.

"சத்தம் கேக்கக் கூடாதுன்னு..." என்று அம்மா தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

எல்லோர் கண்ணும் எப்படியோ வாசலுக்குப் போயிற்று. ஈரத்தரை என்பதால் எல்லோருமே செருப்பை வாசலில்தான் விடுவார்கள். வரிசையின் கடைசியில் அவளுடையது. வார் அறுந்து ஊக்கு குத்திய, யாரும் திருடக்கூட மாட்டாத ஒரு ஜோடி. அதைத்தான் அவள் அன்றைக்குக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

தப்பி வந்த அன்று காப்பகத்தில் விசாரித்த மேடம், "பிள்ளைங்க எத்தன பேரும்மா?" என்று கேட்டாள். "ரெண்டு" என்று அவள் சொன்னாள். யோசிக்கவே இல்லை. "அங்க வேற யாருக்காவது ஆபத்து இருக்கா?" என்று கேட்டபோது, "அவங்கவங்க அம்மா பாத்துப்பாங்க" என்றாள். மேடம் எழுதிக்கொண்டு, எதுவாக இருந்தாலும் கூப்பிடுங்கள் என்று நம்பர் கொடுத்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை கூப்பிட நினைத்தாள். கூப்பிட்டால், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பார்கள். அப்புறம் அந்தக் கையைப் பற்றிக் கேட்பார்கள். கை நீட்டிய பிள்ளையை விட்டு வந்தவளிடம் மற்ற இரண்டை எப்படி நம்பி விடுவது என்று யாராவது ஒருவர் யோசிப்பார். அவளே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் யோசித்திருப்பாள்.

"அந்தப் பொண்ணுக்கு இப்ப அங்க யாரு இருக்கா?" என்றாள் சூப்பர்வைசர் அக்கா.

"யாரும் இல்லக்கா."

"நீங்க வந்த விஷயம் தெரிஞ்சதும், யாரு பக்கத்துல படுத்திருந்தான்னு கேட்டிருப்பாங்களே?"

கேட்டிருப்பார்கள். கனிவாகத்தான் கேட்டிருப்பார்.

இஸ்திரிக்காரர் தொண்டையைக் கனைத்தார்; ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று தோன்றியது. நல்லவேளை, சொல்லவில்லை. எழுந்துபோய்ப் பெட்டியைச் சூடேற்றினார். பெண்கள் டிபன் பாக்ஸ்களைச் சத்தமில்லாமல் மூடினார்கள். 'கில்லாடி'யாக இருந்த நேரம் குறைவு, அது முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாததுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, தன் போனை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. சார்ஜ் இருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, காலையில் விழுந்து அழுக்கான விரிப்பை எடுத்து மறுபடி இயந்திரத்துக்குள் திணிக்கப் போனாள்.

நம்பர் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. அதுவும் வெட்கமாக இருந்தது.

மறுமுனையில் மணி அடித்தது. குட்டி இப்போது பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான். பெரியவள் உறைகளை மறுபடி மடிக்க ஆரம்பித்திருந்தாள். ஆனால் ஒரே உறையைத்தான் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றது மேடத்தின் குரல்.

"மேடம், அன்னிக்கு என் பிள்ளைங்க எத்தனன்னு கேட்டீங்கல்ல..."

"ஆமா. ரெண்டுன்னு சொன்னீங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வளாகத்தின் அந்தப் பெரிய கூடம் முழுக்க மூடிய கண்கள். மேலே, நாற்காலியில், விசிலோடு சேர்ந்த குறட்டை. நடுவில் இரண்டு கண்கள் மட்டும் திறந்து அவளைப் பார்க்கின்றன. அவள் உதட்டை மட்டும் அசைத்து, "கண்ண மூடு" என்கிறாள். வாலு என்று பெயர் வாங்கிய பெண் அன்றைக்குப் பார்த்து உடனே சொன்ன பேச்சைக் கேட்கிறாள். இமை நடுங்க, மற்ற எல்லோரையும்விட இறுக்கி மூடிக்கொள்கிறாள்.

கையை மட்டும் எடுக்கவில்லை.

வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தபோதும் அது அங்கேயே இருந்தது, பக்கவாட்டில், விரல்கள் விரிந்தபடி, யாராவது பிடிக்கட்டும் என்று.