எண் கரைந்த இரண்டு டப்பிகள்

காலை ஏழு மணி. ஆஸ்பத்திரி லேபில், சதைத் துணுக்குகளைப் பதப்படுத்தி இரவெல்லாம் ஓடி ஓய்ந்த இயந்திரத்தின் மூடியைத் திறந்தாள் யோகப்பிரியா. உள்ளிருந்த சைலீன் திரவத்தின் நெடி மூக்கில் ஏறியது. கூடையைத் தூக்கும்போது கை வழுக்கியது. டப்பிகள் மேசையில் சிதறின.

தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் டப்பிகள். உள்ளே யாரோ ஒருவரின் சதைத் துணுக்கு. மேலே பென்சிலில் ஓர் எண்.

பொறுக்கியவளின் விரல்கள் நின்றன. இரண்டு டப்பிகளில் எண் இல்லை. மங்கலாக ஒரு நீலக்கறை மட்டும்.

"தனபாலண்ணா, நேத்துப் பேனாவுலயா எழுதுனீங்க?"

சீனியர் டெக்னீஷியன் தனபால் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பென்சில் ஒடஞ்சு போச்சு அம்மிணி. கடைசி ரெண்டுதானேன்னு..."

ஆல்கஹாலும் சைலீனும் பேனா மையைக் குடித்துவிடும். 'பென்சில் மட்டும்' என்று சுவரில் எழுதி ஒட்டியவரே அவர்தான்.

ரிஜிஸ்டரைப் புரட்டினாள். விட்டுப்போனவை பன்னிரண்டும் பதின்மூன்றும். கொழிஞ்சாம்பாறை கமலாத்தாள், கொல்லங்கோடு மருதாத்தாள். இருவருக்கும் மார்பில் கட்டி. இருவர் டப்பியிலும் மும்மூன்று துணுக்குகள்; எண்ணிப் பார்த்தும் பிரிக்க முடியாது.

"கூடைல வெச்ச வரிசைல எடு."

"இப்பத்தானுங்கண்ணா கொட்டிட்டேன்."

தனபால் பென்சிலைச் சீவினார். தோன்றியபடி ஒன்றில் பன்னிரண்டு, இன்னொன்றில் பதின்மூன்று என்று எழுதினார். "ரெண்டும் சாதாக் கட்டியாத்தான் இருக்கும். யாரு யாருதுன்னா என்ன? வாயத் தொறக்காத கண்ணு. ரெண்டு பேரு வேலையும் போயிரும்."

அவள் துணுக்குகளை மெழுகில் பதித்தாள், மெல்லிசாகச் சீவினாள், ஸ்லைடில் வைத்துச் சாயம் ஏற்றினாள். ரெண்டும் சாதாவாகவே இருக்கட்டும்.

பகல் ஒரு மணி. டாக்டர் மாதுரி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

"பன்னெண்டு, ஒண்ணுமில்லை."

அடுத்த ஸ்லைடு. டாக்டர் லென்ஸை மாற்றினார். மறுபடி மாற்றினார்.

"பதிமூணு, கேன்சர். மருதாத்தாள்தானே? ஆபரேஷனுக்கு இன்னிக்கே எழுதிடறேன்."

பேனா மூடி திறந்தது. தனபால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க டாக்டர். அந்த நம்பரு காலைல நாங்களா எழுதுனது" என்றாள் யோகப்பிரியா.

யோகப்பிரியா வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் இரு பெண்கள், ஒரே பொட்டலத்துக் கடலையைக் கொறித்தபடி. இன்று காலையில்தான் சிநேகம்.

"எங்கூரு வழியாப் போற பொள்ளாச்சி பஸ்ஸு வந்துரும் அம்மிணி. ரிசல்ட்டக் குடுத்தீங்கன்னா கெளம்பிருவேன்" என்றாள் கமலாத்தாள்.

"இன்னொருக்கா ஊசி போட்டுச் சதை எடுக்கோணுங்க. தப்பு எங்க மேலதானுங்க."

"எனக்குங்களா, இவீங்களுக்குங்களா?"

"ரெண்டு பேருக்கும்."

மருதாத்தாள் கடலை உரிப்பதை நிறுத்தினாள். "எங்கள்ல ஒருத்திக்கு இருக்குதுங்களா?"

யோகப்பிரியா ஆமாம் என்று தலையசைத்தாள்.

பொட்டலம் இருவருக்கும் நடுவில் கிடந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.