குறுக்குக்காற்று

"ஜன்னலைச் சாத்துங்க! எந்தப் பாவி திறந்து வெச்சது? ஐயோ, என் மருமகளைக் குறுக்குக்காத்து அடிச்சிருச்சே!"

தேசாங்கா போட்ட கூச்சலில், விருந்துக்கு வந்திருந்த நாற்பது பேரில் பாதிப் பேர் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். எழுந்தவர்கள் அத்தனை பேரும் ஜன்னல்களை நோக்கித்தான் ஓடினார்கள். கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்ற மருமகள் நெவென்காவிடம் ஒருவரும் வரவில்லை. அவள் காலடியில் சூப் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது. வாயின் இடது ஓரம் கீழே இறங்கியிருந்தது. இடது கையைத் தூக்கப் பார்த்தாள். கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. 'எனக்கு என்னமோ பண்ணுது' என்று சொல்ல நினைத்தாள். வாயிலிருந்து வந்தது வெறும் குழறல்.

"பார்த்தீங்களா, நாக்கையும் கட்டிப்போட்டிருச்சு" என்றாள் தேசாங்கா. "ராக்கியாச் சாராயத்தை எடுங்க, கன்னத்துல தேய்க்கணும். டேய், குடிக்கிறதுக்கு இல்லடா, தேய்க்கிறதுக்கு!"

திறந்திருந்தது சமையலறையில் ஒரே ஒரு ஜன்னல். அதுவும் இரண்டு விரல் அகலம். திறந்து வைத்த பாவியும் நெவென்காதான். விடிவதற்கு முன்பிருந்து அடுப்பு எரிகிறது, தலை பிளந்துவிடும்போல் வலிக்கிறது, கொஞ்சம் காற்று வரட்டும் என்று திறந்திருந்தாள்.

எங்கள் செர்பியாவில் இதைக் குற்றமென்று சட்டப்புத்தகத்தில் சேர்க்காததுதான் பாக்கி. மொராவா ஆற்றங்கரைக்காரர்கள் நாங்கள். விமானம் வந்து குண்டு போட்டபோது மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள். ஆனால் எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் வெலவெலத்துப்போவோம். கழுத்துப் பிடித்துக்கொண்டால் குறுக்குக்காற்று, காது குத்தினால் குறுக்குக்காற்று. பெண்ணாய்ப் பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். குளிர்ந்த கல்லில் உட்கார்ந்தாள், கர்ப்பப்பை கெட்டது. ஈரத் தலையோடு வெளியே போனாள், மூளைக்குள் காற்றுப் புகுந்தது. நெஞ்சு படபடத்தால் நரம்புக் கோளாறு. நாற்பதைத் தாண்டியவளென்றால் தீட்டு நிற்கிற கோளாறு. தேசாங்காவின் அம்மா நாற்பத்தெட்டு வயதில், ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்து செத்தாள். அக்கா ஐம்பத்தொன்றில் கோழிக்கூண்டுப் பக்கத்தில் விழுந்தாள். இரண்டு பேரையும் கொன்றது குறுக்குக்காற்றுதான் என்று ஊரே சொன்னது.

இதயம் என்ற உறுப்பு எங்கள் தெருவில் ஆண்களுக்கு மட்டுமே உண்டு.

அப்படி ஓர் இதயம் அந்த வீட்டிலும் இருந்தது. அது நெவென்காவின் கணவன் மிலோராத்துடையது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பன்றி வெட்டிய நாளன்று, வறுத்த கொழுப்பை வயிறு முட்டத் தின்றுவிட்டு, "நெஞ்சை அடைக்குது" என்று உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது. அதோடு அடைப்பும் போனது. எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்த டாக்டர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்பினார். தேசாங்கா சிரிக்கவில்லை. மறுநாளே ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கிவந்து, அலமாரி மேல் தான் பின்னிய பூவிரிப்பைப் போட்டு அதன்மேல் வைத்தாள். அன்றிலிருந்து தினமும் காலைக் காபிக்கு முன்னால் மகன் கையில் பட்டையைச் சுற்றி, எண்ணைத் தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பாள். ஒன்பது வருஷத்தில் அது நூற்றிருபத்தைந்தைத் தாண்டியதில்லை. ஆனாலும் இதயக்காரன் விறகு தூக்கக் கூடாது, வாசலில் பனி தள்ளக் கூடாது. இரண்டையும் நெவென்கா செய்தாள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. குடும்பத்தின் காவல் புனிதருக்கு வருஷா வருஷம் எடுக்கும் ஸ்லாவா விருந்தில், வீட்டுத் தலைவன் உட்காரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கடைசி விருந்தாளி கிளம்பும்வரை நின்றபடியே உபசரிக்க வேண்டும். இதயக்காரனை எப்படி நிற்கவைப்பது? தேசாங்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். மகனுக்கு நாற்காலி, அவனுக்குப் பதிலாக மருமகள் நிற்பாள். ஒன்பது ஸ்லாவா இப்படித்தான் நடந்தது. மூன்று நாள் சமைத்தவளே நாலாம் நாள் முழுக்க நின்றாள். "எவ்வளவு மரியாதை தெரிஞ்ச பொண்ணு!" என்று மெச்சிக்கொண்டே விருந்தாளிகள் இன்னொரு தட்டு கேட்டார்கள்.

இத்தனைக்கும் நெவென்காவிடம் ஒரு காகிதம் இருந்தது. பதினேழு வருஷத்துக்கு முன்னால், மகள் விஷ்ன்யா வயிற்றில் இருந்தபோது, அவளுக்கு முகமும் காலும் வீங்கி, ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி, கண் முன்னால் பூச்சி பறந்தது. எட்டாம் மாதமே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தின் கடைசி வரியில், 'ஆயுள் முழுக்க வருஷம் தவறாமல் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தது.

"அது புள்ளத்தாச்சிக்கு வர்ற சீக்குடி. புள்ளையோட சேர்ந்து அதுவும் வெளிய வந்திருச்சு" என்றாள் தேசாங்கா. ஆனாலும் முத்திரை குத்திய காகிதம் ஆயிற்றே, தூக்கிப் போடலாமா? நிலப் பத்திரமும் கல்யாணப் பத்திரமும் இருக்கிற இடத்திலேயே, புனிதர் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். பதினேழு வருஷமாக அதன் முன்னால் விளக்கு எரிந்தது, சாம்பிராணி புகைந்தது. புனிதர் படித்திருக்கலாம். வீட்டில் வேறு யாரும் படிக்கவில்லை.

ஒரே ஒரு தடவை நெவென்கா அந்த மெஷினை எடுத்துத் தன் கையில் சுற்றப் போனாள். "பேட்டரி தீர்ந்துடும்டி, அவனுக்கு வேணும்" என்றாள் மாமியார். நெவென்கா சிரித்துக்கொண்டே திரும்ப வைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். வாய் மெல்ல நேரானது. கை அசைந்தது, பேச்சும் திரும்பியது.

"பாரு, ஜன்னலைச் சாத்தினதும் எல்லாம் சரியாயிருச்சு!" என்று தேசாங்கா கையைத் தட்டினாள். "போ, முகத்தைக் கழுவிட்டு முட்டைக்கோஸ் சார்மாவைக் கொண்டா. ஆறிப்போனா வாயில வைக்க முடியாது."

"எப்படிப் பயமுறுத்திட்ட நெவென்கா" என்று மிலோராத் நாற்காலியிலிருந்து முனகினான். "என் நெஞ்சு இன்னும் திக்கு திக்குன்னு அடிக்குது."

அவ்வளவுதான். மூன்று பெண்கள் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். ஒருத்தி அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள், இன்னொருத்தி விசிறினாள். விசிறிக் காற்று மட்டும் எந்தக் கணக்கில் வருமோ தெரியாது. தேசாங்கா மெஷினைக் கொண்டுவந்து அவன் கையில் சுற்றினாள்.

"நூத்தி இருபத்தெட்டு! கர்த்தரே, என் புள்ளைக்கு ஏறிருச்சு!"

நெவென்கா சுவரோரம் நின்று இதையெல்லாம் பார்த்தாள். யாரோ அவள் கையில் தட்டுத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் துணியை மேஜையில் போட்டாள். நேராகப் புனிதர் படத்தண்டை போய், அதன் பின்னால் கையை விட்டு, மஞ்சளாகிப்போன காகிதத்தை உருவினாள். கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"ஓப்ரென் அண்ணே, வண்டி வெளிய நிக்குதா?"

ஓப்ரென் பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரன். சாயங்காலம் சவாரி இருக்கிறது என்று அன்று ராக்கியாவைத் தொடாமல், வந்தவர்களிடமெல்லாம் கேலி வாங்கிக்கொண்டிருந்தான். வாயில் இருந்த மீனை விழுங்கிவிட்டு எழுந்தான். தேசாங்கா வாசலை மறித்துக்கொண்டாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு, அத்தை."

"ஸ்லாவா அன்னிக்கா? கூடத்துல நாப்பது பேரு உட்கார்ந்திருக்காங்க. விருந்தாளியை விட்டுட்டு வாசல் தாண்டின பொம்பளை இந்த வீட்டுல இதுவரைக்கும் இல்ல."

"இல்லதான். எல்லாரும் உள்ளேயே செத்துட்டாங்க." நெவென்காவின் குரல் உயரவேயில்லை. "இன்னிக்கு என்னால நிக்க முடியல அத்தை. எனக்குப் பதிலா நீங்க நில்லுங்க."

தேசாங்கா வழிவிட்டாள். காரில் ஏறியதும் ஓப்ரென் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "நெவென்கா, கண்ணாடியை ஏத்தட்டுமா, இறக்கட்டுமா?"

"இறக்குங்க அண்ணே. நாலு பக்கமும் இறக்குங்க."

ஆஸ்பத்திரியில் இருந்தவர் நடுத்தர வயதுப் பெண் டாக்டர். பட்டையைச் சுற்றிப் பார்த்தார். இருநூற்றுப் பத்துக்கு நூற்றிருபது. நம்பாமல் மறுபடியும் பார்த்தார். பிறகு அந்த மஞ்சள் காகிதத்தை வாங்கிக் கடைசி வரிவரை படித்தார்.

"உங்களுக்கு வந்தது குட்டிப் பக்கவாதம். வந்துட்டுப் போயிடுச்சு. அடுத்தது வந்தா இப்படித் திரும்பிப் போகாது" என்றார். "கர்ப்பமா இருக்கிறப்ப ரத்த அழுத்தம் ஏறினவங்களுக்குப் பிற்காலத்துல பக்கவாதமும் மாரடைப்பும் வர வாய்ப்பு மத்தவங்களை விட ஜாஸ்தி. அதனாலதானே இதுல இப்படி எழுதிக் கொடுத்திருக்காங்க? வீட்டுல மெஷின் இல்லையா?"

"இருக்கு டாக்டர். ஒண்ணு இருக்கு."

"ஒண்ணு போதுமே?"

"அது அவரோடது."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே அட்மிஷன் சீட்டை எழுத ஆரம்பித்தார். இந்தப் பதிலை அவர் முதல் தடவையாகக் கேட்கவில்லை என்பது தெரிந்தது.

ஐந்து நாள் கழித்து நெவென்கா மாத்திரைப் பையோடு வீடு திரும்பினாள். அதற்குள் தெரு முழுக்கப் பேசித் தீர்த்திருந்தது. ஸ்லாவா அன்று கடைசி விருந்தாளி போகும்வரை தேசாங்காவே நின்றாள் என்றும், எழுபத்து மூன்று வயதில் முழங்கால் வீங்கி இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள் என்றும், மிலோராத் ஒரு தட்டுக்கூட எடுத்து வைக்கவில்லை என்றும் ஓப்ரென் போகிற இடமெல்லாம் சொல்லியிருந்தான்.

மறுநாள் காலை. அடுப்பில் காபிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மிலோராத் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தன் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தான். தேசாங்கா நொண்டிக்கொண்டே மெஷினோடு வந்தாள். நெவென்கா முதலில் போய்ச் சமையலறை ஜன்னலை அகலத் திறந்தாள். நவம்பர் மாதத்துக் குளிர் சில்லென்று உள்ளே வந்தது. பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிலோராத், எந்திரி."

"ஏன்?"

"நான் உட்காரணும்."

பழக்கமில்லாத அந்தக் குரலுக்கு அவன் தன்னையறியாமல் எழுந்துவிட்டான். நெவென்கா உட்கார்ந்து, மாமியார் கையிலிருந்து பட்டையை வாங்கித் தானே சுற்றிக்கொண்டாள். மெஷின் உறுமி ஓய்ந்தது.

"நூத்தி நாப்பத்தாறு. மாத்திரை வேலை செய்யுது" என்றாள். பிறகு பட்டையைக் கழற்றி நீட்டினாள். "அத்தை, உங்க கையைக் கொடுங்க."

"எனக்கு எதுக்குடி? எனக்கென்ன, அவனை மாதிரி நெஞ்சா இருக்கு?"

"கொடுங்க."

ஒன்பது வருஷம் தினமும் அந்தப் பட்டையைச் சுற்றிய கை, முதல் தடவையாக அதற்குள் நுழைந்தது. தேசாங்கா ஊசிக்குப் பயப்படுகிற குழந்தைபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெஷின் நீண்ட நேரம் உறுமியது.

"எவ்வளவு?"

"நூத்தித் தொண்ணூத்து நாலுக்கு நூத்திப் பத்து."

நூற்றிருபத்தெட்டுக்கே கர்த்தரைக் கூப்பிட்டவள், இதற்கு யாரையும் கூப்பிடவில்லை. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தமென்று அவளுக்குத் தெரியும். திறந்திருந்த ஜன்னலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா விழுந்தப்ப எனக்குப் பத்தொன்பது வயசு" என்றாள் கடைசியில். "ஜனவரி மாசம். ஜன்னல் இடுக்குல எல்லாம் நான்தான் துணி வெச்சு அடைச்சிருந்தேன். சாத்தித்தான் இருந்துச்சு நெவென்கா. எல்லா ஜன்னலும் சாத்தித்தான் இருந்துச்சு."

நெவென்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மடித்த சட்டைக் கையோடு மிலோராத் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அம்மா, எனக்கு?"

"நீ போய்க் காபியைப் போடுடா" என்றாள் தேசாங்கா. "நின்னுகிட்டே போடு. ஒன்பது வருஷம் உட்கார்ந்தது போதும்."