நீல இழைக் கயிறும் செவலைப் பசுவும்

1961ஆம் வருஷம் ஆடிப் பெருக்கன்று காலை ஆறரை மணிக்கு, நெய்வேலிக் குடியிருப்பில் ஒரு பிளாக்கின் பின்புறம் கட்டியிருந்த சாமியம்மாளின் செவலைப் பசு தரையை விட்டு மூன்றடி மேலே எழும்பி, அசை போட்டபடி நின்றது. பகல் பன்னிரண்டே முக்காலுக்கு இறங்கியது. பெருக்கு நாளாயிற்றே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஐம்பது நிமிஷம் தாமதமாக எழும்பியபோதுதான் பால் வாங்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள்.

சாமியம்மாள் சுரங்கத்துக்கு வரும் இயந்திரப் பெட்டிகளை இறக்கும் கான்ட்ராக்ட் ஆள். அவளுடைய ஊர் சுரங்கத்துக்குள் போனபோது நிலம் வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. கூலிக்காரியான அவளுக்கு மிஞ்சியது இந்தப் பசுதான். கப்பலில் வந்த ஒரு பெட்டியைப் பிரித்து, கட்டியிருந்த கயிற்றைக் குப்பையில் போட்டார்கள். அதன் புரிகளுக்கு நடுவே ஒரு நீல இழை ஓடிற்று. அழகாக இருக்கிறதே என்று பெருக்குக்கு முதல்நாள் இரவு எடுத்துவந்து மாட்டுக்குக் கட்டினாள். மறுநாளிலிருந்து பசு நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கியது. இறங்கிய நேரம் பார்த்துத்தான் கறக்க முடிந்ததால், பிளாக் முழுவதும் காப்பி நாளுக்கு ஐம்பது நிமிஷம் தள்ளிக்கொண்டே போனது. வாரத்துக்கொரு ஷிப்ட் பார்க்கிற ஜனங்களுக்கு அது சீக்கிரமே பழகிவிட்டது.

பழகாதவர் ஸ்டோர்ஸ் கிளார்க் குஞ்சிதபாதம் ஒருவர்தான். கடலூர்த் துறைமுகத்தில் இருபது வருஷம் இருந்தும் ஒரு திருடனைக்கூடப் பிடிக்காத மனிதர். கடலை விட்டு இருபது மைலுக்கு மேல் தள்ளி வந்துவிட்டோமே என்று தீராத வருத்தம் அவருக்கு. வெள்ளைக்காரன் காலத்துத் துறைமுகச் சட்டப் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டேதான் திரிவார். சர்க்கார் கப்பல் கயிற்றில் திருட்டை அடையாளம் காணவே வண்ண இழை வைத்து முறுக்குவார்கள் என்றும், அது எந்தக் கப்பலுடையது என்று சொல்லத் தவறினால் கயிறும் அதில் கட்டிய பொருளும் பறிமுதல் என்றும் அதில் இருந்தது. நீல இழையைக் கண்டதும் மனிதருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"எந்தக் கப்பல் கயிறும்மா இது?"

"குப்பையில கெடந்துச்சிங்க. பெட்டிய பிரிச்சிட்டுக் கடாசிட்டாங்க."

"கப்பலைச் சொல்லு. இல்லைன்னா மாட்டை ஓட்டிக்கினு போவேன்."

சாமியம்மாள் பசுவுக்குக் குறுக்கே வந்து நின்றாள். அதையும் விட்டால் அவளுக்கென்று வேறு எதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பசு எழும்பத் தொடங்கியது.

"இதாங்க கப்பலு," என்றாள். "கப்பல் கயிறு கப்பல் கழுத்துலதான கெடக்குது? இதுல என்னாங்க திருட்டு?"

குஞ்சிதபாதம் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார். கடல் ஏற்றத்தோடு ஏறி வற்றத்தோடு இறங்குவது எதுவும் கப்பல் என்று அச்சடித்திருந்தது. பையிலிருந்த கடலூர்க் கடலின் ஏற்ற வற்ற நேர அட்டவணையை எடுத்துப் பசுவோடு ஒப்பிட்டார். நிமிஷம் பிசகவில்லை. நேர்மையான ஆள், ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த பக்கத்தையும் திருப்பினார். கப்பல் தலைவரின், அதாவது கேப்டனின், அனுமதி இல்லாமல் அதன் உணவுப்பொருளைக் கரையிறக்கி விற்பது கள்ள வியாபாரம். ஆகவே பாலைக் கறக்கவும் தடை. மீறினால் பசு பறிமுதல்.

இரண்டு நாள் பிளாக் முழுவதும் கடுங்காப்பி. "கறக்காம உட்டா மடி கட்டிக்கினு செத்துப்பூடுங்க," என்று சாமியம்மாள் வாசல் வாசலாக அழுதாள். மூன்றாம் நாள் பர்ஸ்ட் ஷிப்ட் போர்மேனின் மனைவி ருக்குமணி பெண்களைக் கூட்டிக்கொண்டு குஞ்சிதபாதத்தின் ஆபீசுக்குப் போனாள். "கப்பலுக்குக் கேப்டன் இல்லைன்னா ஒருத்தரைப் போட வேண்டியதுதானே சார்?" என்றாள்.

புத்தகத்தில் அதற்கும் இடம் இருந்தது. ஒருநாள்கூடத் தலைவர் இல்லாமல் கப்பல் நிற்கக் கூடாது என்பதால், அந்த வேலையைக் கான்ட்ராக்டில் விட வழியில்லை. பர்மனென்ட்தான். சாமியம்மாள் கேப்டன் வேலைக்குக் கட்டைவிரல் ரேகை வைத்தாள். குஞ்சிதபாதம் எழுந்து நின்று, துறைமுகத்தில் எந்தக் கேப்டனுக்கும் வைக்காத சல்யூட் ஒன்றை அவளுக்கு வைத்தார்.

பிறகு பசு நாலு கன்று ஈன்றது. அவற்றுக்கு வெறும் தேங்காய்நார்க் கயிறுதான் கட்டினாள், அவையும் ஏறின. ஒவ்வொரு தையிலும் புது அட்டவணை கடலூரிலிருந்து தபாலில் வரும். பெண்கள் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். ஏற்ற நேரத்தில் சாமியம்மாள் புல்கட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். செவலை குனிந்து தின்னும்.