கூரை ஒட்டினாப் பிறகு

படுக்கையும் அடுப்பும் வைத்த எங்கள் கேம்பர் வண்டியின் கூரையில் முழங்காலில் நின்றுகொண்டு பழைய பசையைப் பிளாஸ்ரிக் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தேன். கீழே சுமித்ரா பயணத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டி மெல்லக் குலுங்கும், என் கை வழுக்கும். இந்தக் கூரை ஒழுகாமல் நின்றால் என் மனுசி ஒரு கிழமைக்குத் தனியாகப் புறப்பட்டுப் போய்விடுவாள். ஒழுகினால் போகமாட்டாள். கூரையை ஒட்டுகிற வேலையோ என்னுடையது. வேறு யாராவது என்னை இப்படி ஓர் இக்கட்டில் மாட்டிவிட்டிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். மாட்டிவிட்டது நானேதான் என்பதால் பேசாமல் சுரண்டினேன்.

வசந்தகாலத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள். “நான் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு கிழமை போகப்போறன்.”

“எங்கை?”

“இன்னும் யோசிக்கேல்லை.”

“ஆரோடை?”

“தனிய.”

புட்டுக்குள் கையை வைத்தபடி இருந்துவிட்டேன். கோபம் வந்ததா என்றால் அதுவும் இல்லை. என்ன வரவேண்டும் என்றே தெரியவில்லை. கடைசியில், “வண்டி ஒழுகுதெல்லே. கூரை ஒட்டினாப் பிறகு பாப்பம்” என்றேன். எங்கள் வீட்டில் ‘பிறகு பாப்பம்’ என்றால் இல்லை என்று அர்த்தம். மகள் ஹரிஷா சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாய்க்குட்டி கேட்டதற்கும் அதைத்தான் சொன்னேன், நாய்க்குட்டி வரவேயில்லை. சுமித்ராவுக்கும் அது நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள், “ஓம், கூரை ஒட்டினாப் பிறகு” என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள். சொன்ன சொல்லுக்குள் நான் அகப்பட்டுக்கொண்டது பிறகுதான் உறைத்தது.

வண்டி பழையது, அமெரிக்காவில் செய்தது. அதற்குத் தகரக் கூரை கிடையாது. பலகைக்கு மேலே முழுவதும் ஒரே விரிப்பாக வெள்ளை ரப்பர் இழுத்து ஒட்டியிருக்கும். காற்றுப் போகிற யன்னல், அன்ரெனா, ஏணி ஆணிகள் என்று ரப்பரில் எங்கெங்கு ஓட்டை போட்டிருக்கிறார்களோ அங்கெல்லாம் சுற்றிவரப் பசை. அந்தப் பசை சில வருடங்களில் காய்ந்து வெடிக்கும், சுரண்டிப் புதிதாகப் போடவேண்டும். இதையெல்லாம் விற்ற சுவிஸ்காரர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அப்போது என் கண்ணில் தெற்கே டெசின் பக்கத்து ஏரிகளும், கரையில் இரண்டு கதிரைகளும்தான் தெரிந்தன.

ஏரிக்குப் போகவில்லை. இரண்டு கலியாண வீட்டுக்கும் ஒரு சாமத்தியவீட்டுக்கும் போனோம். அதோடு மிளகாய் வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டது. சுமித்ரா தூள் இடித்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு. சொந்தக்காரர் எல்லோரும் அவளிடம்தான் கேட்பார்கள். எம்மன்புரூக்கேயில் எங்களுடையது தொடர்மாடி வீடு. ஒருநாள் அவள் செத்தல் மிளகாய் வறுக்க, மேல்வீட்டுப் பெண் பதறிப்போய்த் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டாள். வந்த பெடியள் தாச்சியை எட்டிப் பார்த்தார்கள், இருமினார்கள், இனிமேல் இதை வெளியில் செய்யுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இருமிக்கொண்டே படியிறங்கினார்கள். அன்றிலிருந்து பழைய தொழிற்சாலை ஒன்றின் பின்புறம் நிறுத்தியிருந்த கேம்பர் எங்களின் இரண்டாவது குசினியாகிவிட்டது. சனிக்கிழமைகளில் அவளையும் மிளகாய்ப் பையையும் அங்கே இறக்கிவிடுவேன். பின்னேரம் போய் ஏற்றிவருவேன். தூளோடு நிற்காமல் மீன் பொரியல், வடை, ரோல்ஸ் என்று மணக்கிற வேலை எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தது. நல்ல ஏற்பாடு என்று நானே பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

கூரை வேலைக்கு முதலில் லக்ஷ்மணனிடம்தான் யோசனை கேட்டேன். ரயர் கடையில் வேலை செய்கிறான், ரப்பர் தெரிந்தவன் என்று ஒரு நம்பிக்கை. “சிலிக்கோன் அடியுங்கோ அண்ணை, பாத்ரூமுக்கே அதுதான்” என்றான். அடித்தேன். அடுத்த மழைக்கு அது ஒரே துண்டாக உரிந்து கையோடு வந்தது. கேம்பர் சாமான் விற்கிற கடைக்காரரிடம் போனால், இந்த ரப்பரில் சிலிக்கோன் ஒட்டாது, மிஞ்சிக் கிடந்தால் மேலே போடுகிற எதையும் ஒட்டவிடாது, முழுவதையும் வழித்தெடுக்கவேண்டும் என்று சொல்லிச் சரியான பசைக் குழாயைத் தந்தார். இரண்டாம் முறை எல்லாவற்றையும் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவிட்டுப் பசை போட்டேன். தானாகவே பரவிச் சமனாகிற பசை, பார்க்க அழகாக இருந்தது. முன்பக்க விளிம்பு நின்றது, அன்ரெனா நின்றது, ஏணி நின்றது. அடுப்புக்கு மேலே இருக்கிற கூரை யன்னலைச் சுற்றி மட்டும் திரும்பவும் ஒழுகியது. தரையில் அந்தத் தண்ணீரைக் கண்டபோது எனக்கு வந்தது கவலையா ஆறுதலா என்று கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியாது. இரண்டும் ஒன்றாக வந்தன. ஒழுகுகிறது என்று அவளிடம் சொன்னேன். “அப்ப திரும்ப ஒட்டுங்கோவன்” என்றாள், உப்புக் குறைவு என்று சொன்னால் போட்டுக்கொள்ளுங்கோவன் என்பது போல.

கூர் நகரத்தில் ஆஸ்பத்திரி வேலை செய்யும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ஹரிஷா, அம்மாக்கு என்ன பிரச்சினை?”

“பிரச்சினை ஒண்டும் இல்லை அப்பா. அவவுக்கு ஃபெரியன் வேணும், ஒரு லீவு.”

“ஃபெரியன் எண்டா ரெண்டு பேரும் போறதுதானே?”

“அது உங்களுக்கு ஃபெரியன். அவ அங்கையும் உங்களுக்குச் சமைக்கோணுமெல்லே.” சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தணித்து, “நானும் தனியப் போறனான்தானே அப்பா. நீங்கள் ஒருநாளும் இப்பிடிக் கேக்கேல்லையே” என்றாள்.

ஹரிஷா இங்கே பிறந்தவள். அவள் தனியே போவதும் வருவதும் எனக்குப் பழகிவிட்டது. சுமித்ரா இந்த நாட்டுக்கு வந்ததே என்னிடம் வருவதற்காகத்தான். விமான நிலையத்தில் சின்னப் பெட்டியோடு நின்றவள், என்னைக் கண்டதும் பெட்டியை என் கையில் தந்துவிட்டு வெறுங்கையோடு பின்னால் வந்தாள். அவளுக்கு இங்கே நான் இல்லாத ஓர் இடம் இருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்ததேயில்லை. வண்டி ஓட்டத்தில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. பின்பக்கமாக எடுத்து நிறுத்த இன்றைக்கும் அவளைத்தான் கூப்பிடுவேன். ஆகவே வழியில் ஏதும் நடந்துவிடும் என்பதல்ல என் பயம். பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு மூன்றாம் முறையாகச் சுரண்டியபோதுதான் அடுப்பு யன்னலைச் சுற்றியிருந்த ரப்பரை ஒழுங்காகப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் தட்டையாக இருக்க, அங்கே மட்டும் பொரித்த அப்பளம் போலக் கொப்புளம் கொப்புளமாக ஊதியிருந்தது. விரலால் அமத்தினால் மெத்தென்று உள்ளே போனது. விரலை மணந்து பார்த்தேன். மீன் பொரித்த எண்ணெய், அதன் அடியில் வறுத்த மிளகாய். கூரைக்கு மேலேயே இருந்து லக்ஷ்மணனுக்கு எடுத்தேன்.

“எண்ணெய் பட்டா ரப்பர் ஊதும் அண்ணை. அதிலை ஒண்டும் ஒட்டாது” என்றான்.

“உதை நீ முதலே சொல்லியிருக்கலாமே.”

“கேம்பருக்குள்ளை தாச்சி வைச்சுப் பொரிக்கிறியள் எண்டு எனக்கு ஆர் அண்ணை சொன்னது?”

அவனைக் குறைசொல்ல முடியாது. இந்த வண்டியைச் செய்தவர்கள் அந்த அடுப்பில் முட்டை அவிப்பார்கள், சூப் சூடாக்குவார்கள் என்று நினைத்திருப்பார்கள். வருடக்கணக்காக எண்ணெய்ப் புகை அந்த யன்னல் வழியே ஏறி, வெளியே வந்து, ஆறி, ரப்பரிலேயே படிந்திருக்கிறது. ஊதிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புது ரப்பர்த் துண்டு வைப்பதுதான் ஒரே வழி. கத்தியை எடுக்குமுன் யன்னலின் மூடியைத் தூக்கினேன்.

உள்ளே சுமித்ரா இருந்தாள். சாமான் ஏற்றி முடிந்திருக்கவேண்டும். அடுப்புக்குப் பக்கத்து வாங்கில், வீட்டில் நான் காணாத ஒரு பூப்போட்ட மெத்தையில், காலை மடித்து வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி பார்க்கவில்லை. ஒன்றும் செய்யவில்லை. பக்கத்து யன்னலால் தெரிகிற தொழிற்சாலைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். வீட்டில் அவள் இருந்தாலும் ஒரு காது எங்கள் பக்கம் இருக்கும், கூப்பிட முதல் எழும்புகிற மாதிரித்தான் இருப்பாள். இங்கே முழுவதுமாக இருந்தாள். இத்தனை வருடமும் சனிக்கிழமைகளில் பாவம் மனுசி, புகைக்குள் கிடக்கிறாளே என்று இரக்கப்பட்டது ஞாபகம் வந்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. மூடியைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டு ஏணியால் இறங்கிக் கதவடிக்குப் போனேன்.

“சுமித்ரா, என்னிலை ஏதும் கோவமோ?”

“இல்லை.”

“அப்ப ஏன்?”

கோப்பையைக் கீழே வைத்தாள். “ஏனெண்டு எனக்கு வடிவாத் தெரிஞ்சா உங்களுக்குச் சொல்லமாட்டனே?” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “இஞ்சை மிளகாய் வறுக்கேக்கை கண் எரியும். ஆனா ஒருத்தரும் கூப்பிடாயினம். அது நல்லாயிருந்தது. மிளகாய் இல்லாமலும் அப்பிடி இருக்கேலுமோ எண்டு ஒருக்காப் பாக்கோணும்.”

“திரும்பி வருவீர்தானே?”

அவள் வியப்போடு என்னைப் பார்த்தாள். “சனிக்கிழமைக்கு உங்கடை மச்சாள் தூள் கேட்டிருக்கிறா” என்றாள்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று விளங்கவில்லை. எனக்காக வருகிறாளா, மச்சாளின் தூளுக்காக வருகிறாளா? திரும்பக் கேட்டால் சிரிப்பாள் என்று மேலே ஏறிவிட்டேன். ஊதிய ரப்பரை வெட்டினேன். கீழே பலகை கறுத்திருந்தது. துடைத்துக் காயவிட்டு, புதுத் துண்டை ஒட்டி, விளிம்பெல்லாம் ஒட்டுப் பட்டி போட்டு அமத்தி, சுற்றிவரப் பசை விட்டேன். என் கை வேலையில் குறைவைக்க எனக்கு வராது. குறைவைத்தால் நல்லது என்று தெரிந்திருந்தும் வரவில்லை.

பசை நன்றாகக் காயட்டும் என்று மறுநாளும் விட்டு, அதற்கடுத்த காலையில் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். தொழிற்சாலைக் குழாயில் ஹோஸை மாட்டி நான் மேலே நின்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூடிய யன்னலைச் சுற்றி மெதுவாகத் தண்ணீர் விட்டேன். பிறகு மழை போலப் பலமாக விட்டேன்.

“ஒழுகுதோ?”

பதில் வர நேரமெடுத்தது.

“இல்லை.”

“வடிவாப் பாரும்.”

“இல்லையெண்டுறன். காணும், நிப்பாட்டுங்கோ.”

இறங்கிப் போனேன். தரை காய்ந்திருந்தது. அடுப்பின் மேல் ஒரு துளி இல்லை. மேற்கூரைப் பலகையைத் தடவிப் பார்த்தேன், யாரோ இப்போதுதான் துடைத்தது போல இருந்தது. சுமித்ரா வாங்கில் நேராக இருந்தாள். அவளுடைய இடது கைச் சட்டை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். கையை மறைக்கவில்லை.

ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஒழுகுது, கூரை ஒட்டினாப் பிறகு பாப்பம் என்று. நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தில் கெஞ்சல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். இருக்கவில்லை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே கையை ஏந்திக்கொண்டு போவதென்றாலும் போவதுதான் என்று இருந்தாள்.

துவாயை எடுத்துக்கொண்டு திரும்ப மேலே ஏறினேன். யன்னலின் பின்மூலையில் பட்டி மயிரளவு எழும்பியிருந்ததைக் கண்டுபிடித்தேன். துடைத்து, ஊதிக் காயவைத்து, குழாயில் மிச்சமிருந்த பசை முழுவதையும் அந்த மூலையில் பிதுக்கி விரலால் அழுத்தி அழுத்திப் பூசினேன். நான் இறங்கியபோது அவள் சட்டை மாற்றிக்கொண்டு கதவடியில் நின்றாள்.

“காய ஒருநாளாவது வேணும்” என்றேன்.

“போற வழியிலை காயும். வண்டித் திறப்பைத் தாங்கோ.”

கையைத் துடைக்காமலே காற்சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து நீட்டினேன். அவள் பிடித்து இழுத்தாள், வரவில்லை. வேண்டுமென்று பிடித்துவைத்திருக்கிறேன் என்று நினைத்து என் முகத்தைப் பார்த்தாள். நான் கையை விரித்துக் காட்டினேன். அவள் மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையில் ஒட்டியிருந்த திறப்பை மெல்ல மெல்ல உரித்தெடுத்தாள். வெள்ளைப் பசை நூலாக இழுபட்டு, அவள் பின்னால் ஓர் அடி வைத்த பிறகும் அறாமல் எங்கள் இரண்டு கைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.