நகரும் முகடு

"உன் பொண்ணு ஊசி போடற டாக்டரா, போடாத டாக்டரா?" என்று முதலியார்பேட்டையில் எங்கள் தெருவே அம்மாவைக் கேட்கும். நான் ஊசி போடுகிறவள்தான். தங்கக் கம்பியைச் சாய்வாக நறுக்கிக் கூராக்கி, கடுகளவுப் படிகம் ஒன்றின் மேல் அழுத்துவேன். இரும்பு கலந்த மீக்கடத்திப் படிகம். திரவ ஹீலியத்தில் குளிர்ந்ததும் அதற்குள் எலக்ட்ரான்கள் ஜோடி சேரும், மின்தடை இல்லாமல் போகும். அந்த ஜோடியைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, அதுதான் ஆற்றல் இடைவெளி. ஊசி வழியாக மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், இடைவெளி இருக்கும் இடத்தில் திரையில் ஒரு முகடு எழும்.

போன வருடம் எனக்கு இரண்டு முகடுகள் வந்தன, குறைந்த மின்னழுத்தத்தில் உள்ளே ஒன்று, அதைத் தாண்டி வெளியே ஒன்று. இரண்டு இடைவெளி என்று கைடு தணிகாசலம் சார் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டார். முதல் பெயர் என்னுடையது. அது அச்சானால்தான் நான் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். கட்டுரையை மதிப்பிட்டவர் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: ஊசியை வேறு இடங்களில் வைத்தாலும் இதே வருகிறதா, காட்டுங்கள்.

ஹீலியம் வந்ததும் நானும் ஜூனியர் அஸ்ஃபியாவும் அதற்காகத்தான் உட்கார்ந்தோம். ஊசியைத் தூக்கி, இடம் மாற்றி, மறுபடி அழுத்தி, கோடு எடுத்தோம். உள் முகடு ஆணி அடித்தது போல அதே இடத்தில் நின்றது. வெளி முகடு நிற்கவில்லை. பட்டும் படாமல் வைத்தால் தள்ளிப் போனது. அழுத்தினால் கிட்டே வந்தது.

"அக்கா, ஓடுதுக்கா. எங்க வீட்டுப் பூன மாதிரி, ஒரு எடத்துல நிக்குதா பாரேன்."

"தெரியுது."

நான் எப்படித் தொடுகிறேன் என்று பார்த்துப் படிகம் தன் இயல்பை மாற்றிக்கொள்ளாது. ஊசி படும் இடம் சூடாகி, அங்கே மட்டும் மீக்கடத்தல் செத்துப்போகிறது. அதைத்தான் இரண்டாவது இடைவெளி என்று எழுதிவிட்டோம்.

சார் டீயோடு வந்து திரையைப் பார்த்தார். "பக்கத்துப் பக்கத்துல நிக்கிறதா ரெண்டு மூணு பொறுக்கி எடு. நல்லா வந்த கான்டாக்டத்தானே எல்லாரும் போடறாங்க?"

உண்மைதான். அழுக்கும் துருவும் பட்ட தொடுகைகளைக் கழிப்பது இந்த வேலையில் வழக்கம். ஆனால் அவர் கழிக்கச் சொன்னது மோசமானவற்றை இல்லை. ஒத்துவராதவற்றை.

"சார், இது ஹீட்டிங். எல்லாத்தையும் ஒரே படத்துல போட்டா தெரிஞ்சிடும்."

"அப்பப் போடாத." சிரித்தார். "பாரும்மா, ஃபெலோஷிப் முடியப்போவுது. உங்க வீட்டுல படிச்ச மொத ஆளு நீ. உனக்காகத்தான் சொல்றேன்."

"எங்க வீட்ட விடுங்க சார். அங்க யாரும் ரெண்டாவது முகடு கேக்கல."

"நானா வரைஞ்சேன்? நீ எடுத்த டேட்டாதானே அது?"

"ஆமா. இதுவும் நான் எடுத்ததுதான்."

டீ கிளாஸை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வழக்கமாக வரும். அன்று ஒன்றுமே வரவில்லை. எல்லாக் கோடுகளையும் ஒரே படத்தில் போட்டேன். இடைவெளி ஒன்றுதான், மற்றது சூடு, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதி, சாருக்கும் இதழாசிரியருக்கும் சேர்த்து அனுப்பினேன்.

"யோசிச்சியாக்கா?" என்றாள் அஸ்ஃபியா.

"இல்ல."

ஹீலியம் தீர்ந்து வெப்பநிலை ஏற ஆரம்பித்தது. வெளி முகடு முதலில் போனது. உள்ளே இருந்த நிஜமானதும் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் திரையில் நேர்க்கோடு. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா போன் செய்தாள். "இன்னாடி பூவிழி, முடிஞ்சிதா? தெருவுல கேக்கறாங்க."

"முடியல. இப்போதிக்கு முடியாது."

"அவங்ககிட்ட நான் இன்னா சொல்லட்டும்?"

"டாக்டரே இல்லன்னு சொல்லு."

அம்மாவுக்குப் பின்னால் மிக்ஸி ஓடுவது கேட்டது.

"சரி, வரும்போது தயிரு வாங்கிட்டு வா," என்றாள்.