இரண்டாவது நட்சத்திரம்

கழித்தலம்மாவின் பென்சில் முனை வரிசையின் கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது. ஏழு, பதினெட்டு, பதினொன்று, ஐந்து. கூட்டினால் நாற்பத்தொன்று. ஓரத்தில் மொத்தம் என்று அச்சாகியிருந்தது நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் என்ற கட்டத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அது எதை மறைக்க வைக்கப்பட்டதோ, அதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட விரல் விட்டுச் சொல்லிவிடும். ஒன்று. அந்த மாவட்டத்தில், அந்த வயதில், சென்ற ஆண்டு கருவைக் கலைத்துக்கொண்டவள் ஒரே ஒருத்தி. அந்த ஒருத்தி அவளுடைய தங்கை.

மாநிலம் முழுவதும் ஓர் ஆண்டில் நடந்த கருக்கலைப்புகளை வயது வாரியாக, மாவட்ட வாரியாகத் தொகுத்து வெளியிடுவது அந்தப் பிரிவின் வேலை. கூட்டிப் பார்க்க அங்கே ஆறு பேர் இருந்தார்கள். கழித்துப் பார்க்க இவள் ஒருத்திதான். அதனால்தான் அந்தப் பெயர். முதலில் கேலியாக வைத்தது, பிறகு இயக்குநரே கோப்புக் குறிப்பில் எழுதுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றித்தான் ஊர் பேசும். இவள் வேலை ஒற்றை மிளகை மறைப்பது. ஐந்துக்குக் குறைவான எண் வந்தால் கணினி தானாக அங்கே ஒரு நட்சத்திரம் போட்டுவிடும். ஆனால் ஒற்றை நட்சத்திரம் போதாது. மொத்தத்திலிருந்து மற்றதைக் கழித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதே வரிசையில் இன்னொரு எண்ணையும் சேர்த்து மறைத்தால்தான் யாராலும் கழிக்க முடியாது. அந்த இரண்டாவது நட்சத்திரத்தைக் கணினி போடாது. ஆள் பார்த்துக் கையால் போட வேண்டும். போடுகிற ஆள் இவள்.

எல்லா மாவட்டத்துக்கும் போட்டிருந்தாள். தங்கை இருக்கிற மாவட்டத்துக்கு மட்டும் போடவில்லை. ஏன் என்று யாரும் கேட்காமலே அவளுக்குத் தெரிந்தது. அந்த வரிசை திரையில் வந்தபோதெல்லாம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கீழே தள்ளிவிட்டிருக்கிறாள். பெற்ற பிள்ளையின் காயத்துக்கு மருந்து போடச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற தாய் மாதிரி. இப்போது புண் புரையோடிவிட்டது.

சென்ற ஆண்டு தங்கை வந்து இரண்டு நாள் தங்கியது கண்ணாடி மாற்றுவதற்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான். வயது நாற்பத்தாறு. மூத்த மகள் முழுகாமல் இருந்த நேரம். "அவளுக்கும் எனக்கும் ஒரே மாசம்க்கா," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தாத்தா ஆகப்போகிறேன் என்று அவள் வீட்டுக்காரர் வீட்டோடு ஒட்டிய தன் இரும்புக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். கை நீட்ட மாட்டார், குரல் உயர்த்த மாட்டார். ஆனால் ஒரு சுவர் விவகாரத்துக்காகக் கூடப்பிறந்த அண்ணனிடம் ஒன்பது வருடமாகப் பேசாமல் இருக்கிற மனிதர். "என்கிட்ட கேக்காம செஞ்சியான்னு ஒரு தடவைதான் கேப்பாரு. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் ஒண்ணும் கேக்க மாட்டாரு," என்றாள் தங்கை. அந்தப் பயத்தில்தான் ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்தாள். இங்கே பதிந்தால் இந்த ஊர்க் கணக்கில் போய்விடும் என்று நினைத்திருக்கிறாள், பாவம். கணக்கு நடந்த இடத்தை வைத்தல்ல, குடியிருக்கிற மாவட்டத்தை வைத்து என்பது அக்காவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அதை எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கிவிட்டாள்.

மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்தபோது தங்கை ஒன்று கேட்டாள். "என்னை மாதிரி எத்தனை பேருக்கா இருப்பாங்க? இந்த வயசுல? உனக்குத்தான் தெரியுமே." அறிக்கை வெளிவருமுன் வீட்டாரிடம்கூட எண்ணைச் சொல்லக்கூடாது என்று அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "இருப்பாங்க, நிறைய இருப்பாங்க," என்றாள். "நிறையன்னா?" என்று தங்கை விடவில்லை. கதவு திறந்து பெயர் கூப்பிட்டார்கள். தன் கூடப்பிறந்தவள் அத்தனை கெஞ்சலாகக் கேட்ட ஒன்றைச் சட்டம் பேசிக் கொடுக்காமல் விட்டோமே என்று அன்றிலிருந்து அவளுக்கு ஆறவே இல்லை.

அறிக்கை பதினோரு மணிக்கு இணையத்தில் ஏற வேண்டும். அச்சுப் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் செய்தியாளர்களுக்குச் சொல்லவேண்டியதைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். இருபது வயதுக்குக் கீழே தொடர்ந்து ஆறாம் ஆண்டாகக் குறைவு. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை, என்னவோ தானே வீடு வீடாகப் போய்க் குறைத்ததுபோல. நாற்பதுக்கு மேல் ஏறிக்கொண்டே போகிறது. அதைக் கொஞ்சம் தணிந்த குரலில் வைத்துக்கொண்டார். பத்தில் ஆறு பேர் ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள். அதை யாரும் கேட்காவிட்டால் சொல்வதில்லை.

"சார், நாலாவது அட்டவணையில ஒரு திருத்தம் இருக்கு."

"இப்பவா? மணியைப் பாருங்க மேடம்."

அவள் காட்டினாள். அவரும் மனதுக்குள் கழித்தார், உதடு அசைந்தது. பிறகு பிரதியை மேஜையில் வைத்தார்.

"ஒரு ஆள்தானே? மாவட்டம் முழுக்க எத்தனையோ பொம்பளைங்க. யாருன்னு யாருக்குத் தெரியப்போகுது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போன வருஷம் நாம ரெண்டு நாள் தாமதிச்சதுக்கே கணக்கை மறைக்கிறாங்கன்னு எழுதினாங்க. ஞாபகம் இருக்கா?"

"காசநோய்க் கணக்கும் ஞாபகம் இருக்கு சார்."

அதே மாவட்டம்தான். அங்கே ஊர்ச் செய்தி மட்டும் போடுகிற ஓர் இணையப் பத்திரிகை உண்டு. நடத்துகிறவர் ஓய்வுபெற்ற வங்கிக் கணக்காளர். அரசு எந்த அட்டவணை வெளியிட்டாலும் தன் மாவட்ட வரிசையை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துவிடுவார். காசநோய் அட்டவணையில் ஓர் ஒன்று கிடைத்தது. அவர் பெயர் எழுதவில்லை, தெருவைக்கூட எழுதவில்லை. 'நம் ஊரில் ஒருவர்' என்று மட்டும்தான் எழுதினார். மீதிக் கணக்கை ஊர் போட்டுக்கொண்டது. அந்தப் பெண் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் இரண்டாவது நட்சத்திரம் என்ற விதியே வந்தது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அந்த ஊர்ல உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

இல்லை என்று சொல்லலாம். அவசரத் தொடர்புக்கு என்று அவளுடைய கோப்பிலேயே அந்த ஊர் விலாசம் இருக்கிறது.

"தங்கச்சி இருக்கா சார்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தினால் போச்சு என்று தெரிந்து, எரிச்சல் எடுத்தும் இமைக்காமல் பார்த்தாள்.

"மத்த எல்லா மாவட்டத்துக்கும் போட்டுட்டேன். இதுக்கு மட்டும் விட்டுட்டேன். தப்பு என்னுது. பக்கத்துல இருக்கிற அஞ்சை மறைச்சா சரியாப் போயிடும். மொத்தம் மாறாது, உங்க பேச்சுல ஒரு வார்த்தை மாறாது."

"நான் கேட்டது அது இல்ல."

"தெரியும் சார்."

அவர் பிரதியை அவள் பக்கம் தள்ளினார். "போட்டுடுங்க. ஆனா அடுத்த வருஷம் இந்த அட்டவணை உங்க கையில இருக்காது. காரணம் எழுத மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க."

பதினெட்டு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்த அட்டவணை. சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். இடத்துக்குப் போய் ஐந்தை அழித்துவிட்டு நட்சத்திரம் போட்டாள். வலைத்தளம் பார்க்கிற அம்மாள் பதினோரு மணிக்கு ஏற்றிவிட்டு, "ஏத்தியாச்சு, இனி ஆண்டவன் விட்ட வழி," என்று தண்ணீர் குடித்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கழித்தலம்மா நாற்காலியில் சாய்ந்தாள். அழுகைகூட வந்தது. நிம்மதியிலா, அட்டவணை போனதிலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"நேத்து சாயங்காலம் பத்திரிகைக்காரங்களுக்கு முன்கூட்டி அனுப்பினேனே, அதுலயும் இதே மாதிரி மாத்தி மறுபடி அனுப்பணுமா?" என்று அந்த அம்மாள் தண்ணீர்ப் பாட்டிலை மூடிக்கொண்டே கேட்டாள்.

"யார் யாருக்கு அனுப்பினீங்க?"

"எல்லாருக்கும்தான். சின்னப் பத்திரிகையெல்லாம் விட்டுட்டா சண்டைக்கு வர்றாங்களே."

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். மேஜைத் தொலைபேசி அடித்தது. சந்தேகங்களுக்கு என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் போட்டிருப்பது அந்த எண்தான்.

"வணக்கம்மா," என்றது வயதான, நிதானமான குரல். ஊர்ப் பத்திரிகைக்காரர். தன் பெயரையும் மாவட்டத்தையும் சொன்னார். அவர் இருக்கிற இடத்தில் கிர்ர்ரென்று ஏதோ இரும்பை இரும்பு அறுக்கிற சத்தம், விட்டு விட்டுக் கேட்டது. "ஒரு சின்ன சந்தேகம். நேத்து வந்த பிரதியில எங்க வரிசையில ஒரு நட்சத்திரம் இருந்துது. இன்னைக்கு ரெண்டு இருக்கு."

"நேத்து வந்தது திருத்தாத பிரதி ஐயா. அதை எடுத்துக்கக் கூடாது."

"எடுத்துக்கலம்மா. விதி தெரியாதா எனக்கு? ஆனா கழிச்சுப் பாத்துட்டேனே. பழக்கம்." மறுபடி கிர்ர்ர். "அந்த அம்மா இப்ப நல்லா இருக்காங்களா?"

அக்கறையா தூண்டிலா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. நல்லா இருக்காங்க என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் முடிந்தது, தனக்கு ஆளைத் தெரியும் என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி.

"எங்களுக்கு எண்ணிக்கைதான் வருது ஐயா. ஆளுங்க வர்றதில்ல."

"அதுவும் சரிதான்," என்றார் அவர். வைத்துவிட்டார்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். தங்கையின் எண் வெகு நேரம் அடித்தது. எடுத்தது அவள் வீட்டுக்காரர்.

"என்ன அண்ணி, அதிசயமா இந்நேரத்துக்கு? உங்க தங்கச்சி உள்ள பேத்தியைக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கா. இருங்க, கூப்பிடறேன்." அவர் குரலுக்குப் பின்னால் கிர்ர்ர் என்று அதே சத்தம். "அங்க என்ன சத்தம்?" என்று கேட்டாள் கழித்தலம்மா. "அது ஒண்ணுமில்ல அண்ணி, சாவி வெட்டற மெஷினு. பையன் ஓட்டறான். நம்ம பத்திரிகைக்காரர் வீட்டுச் சாவியைத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறாரு. கணக்குல புலி, சாவியில எலி!" அவர் சிரித்தார். கூட யாரோ சிரித்தார்கள்.

சாவிக்காகவே வந்திருக்கலாம். ஊரில் சாவி வெட்டுகிற கடை அது ஒன்றுதான்.

தங்கை வந்தாள். ஈரக் கையோடு வாங்கியிருக்க வேண்டும். போன் நழுவிப் பிடித்த சத்தம் கேட்டது. "சொல்லுக்கா."

"பக்கத்துல இருக்காரா?"

"ம்."

"அப்ப நீ பேசாத, நான் சொல்றதை மட்டும் கேளு. அறிக்கை வந்துடுச்சு. நேத்து போன பிரதியில நீ தெரியற மாதிரி ஆயிடுச்சு. நான் கவனிக்காம விட்டதுதான். பத்திரிகைக்காரர் கழிச்சுட்டாரு. ஒருத்தின்னு தெரியும், யாருன்னு தெரியுமான்னு எனக்குத் தெரியல. ஏதாவது கேட்டா முகத்தை மாத்தாத. என்னை மன்னிச்சுடு."

குழந்தை எங்கேயோ சிணுங்கியது. தங்கை திட்டுவாள் என்று காத்திருந்தாள், திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்குக் கேட்டேனே," என்றாள் தங்கை, சந்தையில் விலை கேட்கிற சாதாரணக் குரலில். "எத்தனை?"

இப்போது அது ஊருக்கே சொல்லக்கூடிய எண். பதினோரு மணியிலிருந்து அதற்குக் காவல் இல்லை.

"உன்னை மாதிரி நாப்பத்தஞ்சுக்கு மேல, மாநிலம் முழுக்க, அறுநூத்துப் பதிமூணு பேரு."

"அவ்வளவு பேரா!"

"என்னது அவ்வளவு?" என்று கடையிலிருந்து வீட்டுக்காரர் கேட்டார். தங்கை வாய் திறப்பதற்குள் அவரே மறுபடி கூப்பிட்டார்: "இங்க வாம்மா கொஞ்சம். சாருக்கு உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்."

தங்கை போனை எங்கேயோ மரப்பலகையில் வைத்தாள். துண்டிக்கவில்லை. கழித்தலம்மா மாடிப்படியில் உட்கார்ந்து காதோடு அழுத்திக்கொண்டாள். கூட்டுகிற, கழிக்கிற எதுவும் இனி தன் கையில் இல்லை. அறுநூத்துப் பதிமூணு, அறுநூத்துப் பதிமூணு என்று தங்கை தனக்குள் சொல்லிக்கொள்வது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனது. அவளுடைய செருப்பு கடையின் சிமெண்டுத் தரையில் நிதானமாக நடந்து போய் நின்றது. சாவி வெட்டுகிற இயந்திரமும் நின்றது.