கம்பளச் செருப்பு

அன்றைக்குக் காலையில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் இருந்தவர்கள் ஆறு பேர். வழிகாட்டி; இரண்டு கையிலும் வாட்ச் கட்டியிருப்பான், ஒன்றில் இந்தப் பக்க நேரம், மற்றதில் அந்தப் பக்க நேரம், அதனால் அவன் பெயரே ரெட்டை வாட்ச். அவன் மனைவி, சமையல், பூட்டு, சாவி மூன்றும் அவள் பொறுப்பு. குழாய் வேலைக்காரர் ஒருவர். அவருடைய மச்சான். வேலை போன நர்ஸ் ஒருத்தி. ஆறாவது, தையல்காரி.

இவர்களில் நான்கு பேர் மதியம் எல்லையைத் தாண்டப் போகிறார்கள். மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்வாள். தையல்காரி மெஷினைப் பார்த்துக்கொள்வாள். பதினான்கு மாதமாக இதுதான் ஏற்பாடு.

வேலிக்கும் கொட்டகைக்கும் நடுவில் நான்கு மணி நேர நடை, மொத்தமும் மணல். காவல் வண்டிகள் தடம் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கும். தடம் விழாமலிருக்க எல்லோரும் செருப்புக்கு மேல் ஓர் உறை மாட்டிக்கொள்வார்கள். அடியில் பழைய கம்பளம், மேலே கித்தான், குதிகாலில் வார். காலைத் தூக்காமல் சறுக்கி நடந்தால் கம்பளமே மணலைத் தடவி மூடிவிடும். ஒரு நடைக்கே கம்பளம் தேய்ந்துவிடும், ஒவ்வொரு கோஷ்டிக்கும் புதிது வேண்டும். அதைத் தைக்கிறவள் தையல்காரி. அவள் தைத்ததை மாட்டிப்போன ஒருவர்கூடப் பிடிபட்டதில்லை. அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

மகளையும் நாத்தனாரையும் முதலில் அனுப்பினாள். இரண்டு இடம்தான் இருந்தது. அடுத்த வாரம் நீ என்றான் ரெட்டை வாட்ச். அதற்கப்புறம் பதினோரு கோஷ்டி போய்விட்டது. ஒவ்வொரு தடவையும், "அடுத்த தடவை கண்டிப்பா, தங்கச்சி." போன வாரம் நாத்தனார் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறாளாம், பிள்ளையைக் கூட்டிப் போக முடியாதாம். வெள்ளிக்கிழமைக்குள் அம்மா வரவில்லையென்றால் விடுதியில் சேர்த்துவிடுவாளாம். இன்றைக்குப் புதன்.

செய்தி வந்த அன்றே தையல்காரி மெஷின் மேல் துணியைப் போட்டு மூடினாள். "நான் போறதா இருந்தா தைக்கிறேன். இல்லன்னா உங்க கோஷ்டி வெறுங்காலோட போகட்டும்."

ரெட்டை வாட்ச் சிரித்தான். "என்னமோ ராக்கெட் செய்யற மாதிரி. ஏய், நீ தைடி," என்று மனைவியைப் பார்த்துச் சொன்னான். அவளும் இரவல் கண்ணாடி போட்டுக்கொண்டு, பழைய ஜோடி ஒன்றைப் பிரித்துப் பார்த்து, அளவெடுத்து, ஐந்து நாளில் நான்கு ஜோடி தைத்து முடித்தாள்.

அந்த மூட்டையைத்தான் காலை ஒன்பது மணிக்கு நடுவில் கொட்டினாள். "பாத்துச் சொல்லு. குறை சொல்லணும்னு சொல்லாத."

தையல்காரி ஒன்றை எடுத்தாள். தையல் கெட்டி. வார் சரி. அடியைத் தடவியதும் விரல் நின்றுவிட்டது. கம்பளத்துக்கு முடி ஒரு பக்கமாகத்தான் படியும், பூனை முதுகு மாதிரி. அது குதிகாலைப் பார்த்துப் படிய வேண்டும். ரெட்டை வாட்சின் மனைவி, அந்த அக்கா, விரலைப் பார்த்துப் படியத் தைத்திருந்தாள். நான்கு ஜோடியும் அப்படியே. இதை மாட்டிச் சறுக்கினால் முடி சிலிர்த்துக்கொண்டு மணலை வாரி, அடிக்கு ஒரு வரப்பு போடும். குருடன்கூடத் தடவிக்கொண்டே பின்னால் வந்துவிடலாம்.

"நல்லாத்தான் இருக்குக்கா," என்று கீழே வைத்தாள்.

இப்போதே சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிரித்துத் தைக்க இரண்டரை மணி நேரம். கிளம்ப மூன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது. ரெட்டை வாட்ச் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்வான், அவளை உட்காரவைத்துத் தைத்து வாங்குவான், பன்னிரண்டே முக்காலுக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு போவான். கடைசி நிமிஷத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடப் போவதில்லை. தெரிந்தே நான்கு பேரைப் பிடித்துக்கொடுக்க அவள் தயாரில்லை. நேரம் தீரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

மதியம்தான் கிளம்புவார்கள். அந்த வெயிலில் ஒரு மனிதனும் நடக்கமாட்டான் என்று காவல்காரர்கள் நிழலில் சாய்ந்திருக்கும் நேரம்.

பதினொரு மணிக்கு நர்ஸ் தன் உறையை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். "இது என்ன, ஒரு பக்கம் வழவழன்னு இருக்கு, இன்னொரு பக்கம் சொரசொரன்னு இருக்கு?"

வெங்காயம் தையல்காரியின் கையிலேயே நின்றது. "கம்பளம்னா அப்படித்தாங்க இருக்கும்."

"நமக்கென்ன தெரியும், ஊசின்னா குத்தத் தெரியும்," என்று நர்ஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தையல்காரிக்குக் கூச்சமாக இருந்தது. பார்க்காமல் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

மச்சான் உறையை மாட்டிக்கொண்டு நடந்து காட்டினான். குழாய்க்காரர், "வாத்து மாதிரி நடக்காதேடா, பாக்கறவன் சுடாம விடமாட்டான்," என்றார்.

"உங்க தங்கச்சியக் கட்டினதுலேர்ந்தே நடை மாறிப்போச்சு மாமா."

பன்னிரண்டு இருபது. தண்ணீர்க் கேன்களைத் தோளில் மாட்டினார்கள். தையல்காரி எழுந்து கையைத் துடைத்தாள்.

"அண்ணே, இந்தச் செருப்போட போனீங்கன்னா மாட்டிக்குவீங்க."

ரெட்டை வாட்ச் திரும்பவே இல்லை. "ஆரம்பிச்சிட்டியா?"

அவள் ஓர் உறையைக் கையில் மாட்டி, கொட்டகையின் மணல் தரையில் அழுத்தி இழுத்தாள். வரப்பு வந்தது. பிறகு மெஷின் பெட்டிக்குள்ளிருந்து வேறொரு ஜோடியை எடுத்தாள். பதினான்கு மாதம் முன்பு தனக்கென்று தைத்தது. அதே வரப்பின் மேல் இழுத்தாள். தரை பழையபடி ஆனது.

குழாய்க்காரர் குனிந்து மணலைப் பார்த்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றான் ரெட்டை வாட்ச்.

"ஒம்போது மணிக்கு."

"அடிப்பாவி!" என்றாள் நர்ஸ்.

"ஆமா," என்றாள் தையல்காரி.

மச்சான் உறையைத் திருப்பி மாட்டப் பார்த்தான். குதிகால் பக்கம் குறுகல். பாதி விரலோடு நின்றது. "கம்பளத்த மொத்தமா இழுத்துக்கிட்டே போனா என்ன?"

"ரோடு போட்ட மாதிரி இருக்கும், தூரத்துலேர்ந்தே தெரியும்," என்றாள் தையல்காரி.

"அப்ப நாளைக்குப் போவோம்," என்றார் குழாய்க்காரர். ரெட்டை வாட்ச் முடியாது என்று தலையாட்டினான். தாண்டி வருகிறவர்களை ஏற்றிப்போகும் லாரி அந்தப் பக்கம் புதன்கிழமை மட்டும்தான் நிற்கும்.

"உன் ஜோடிய எனக்குக் கொடு," என்று கை நீட்டினான்.

"போட்டுப் பாருங்கண்ணே. கட்டைவிரல் நுழைஞ்சாப் பெரிய விஷயம்." அவள் அதைத் தன் காலிலேயே மாட்டி வாரை இழுத்துக் கட்டினாள். "நீங்க நாலு பேரும் ஒருத்தர் தடத்துலயே ஒருத்தர் மிதிச்சு வரிசையாப் போங்க. நான் கடைசியில வந்து ஒவ்வொரு அடியையும் தேய்ச்சுட்டு வர்றேன். வேற வழி இருந்தாச் சொல்லுங்க, உக்காந்துக்கறேன்."

அவன் இடது வாட்சைப் பார்த்தான், வலது வாட்சைப் பார்த்தான். இரண்டிலும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "திமிருடி உனக்கு. நீ போயிட்டா அடுத்த கோஷ்டிக்கு யார் தைப்பா?"

"அக்கா தைப்பாங்க. தையல் என்னோடத விடக் கெட்டி." அவன் மனைவியிடம் திரும்பினாள். "முடி குதிகாலப் பாத்துப் படியணும்க்கா. தடவிப் பாத்துட்டு வெட்டுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

"அவ்வளவுதான்."

அக்கா புருஷனைப் பார்த்தாள். "இந்த ஒரு வார்த்தைக்காகவா இவளப் பதினாலு மாசம் அடைச்சு வெச்சிருந்த?" அவள் உள்ளே போய் இன்னொரு தண்ணீர்க் கேனைக் கொண்டுவந்து தையல்காரியின் தோளில் மாட்டினாள். கொஞ்சம் வேகமாகவே மாட்டினாள். வார் கழுத்தை அறுத்தது.

"தேய்ச்சுட்டே வந்தா நீ பின்தங்கிடுவ," என்றான் ரெட்டை வாட்ச். "யாரும் நின்னு பாக்கமாட்டோம். அதுக்கு நான் பொறுப்பில்ல."

"நீங்க இதுவரைக்கும் எதுக்குப் பொறுப்பா இருந்தீங்க? நடங்கண்ணே."

குழாய்க்காரருக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார். நர்ஸ் மட்டும் போகிற போக்கில் நின்று, "என்கிட்ட பொய் சொன்னேல்ல?" என்றாள்.

"சொன்னேன்."

"மொதல்ல அந்தப் பக்கம் போய்ச் சேருவோம். அப்புறம் திட்டறேன்."

கதவு திறந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. ரெட்டை வாட்ச் இறங்கினான், பின்னால் குழாய்க்காரர், மச்சான், நர்ஸ். நான்கு பேர் மிதித்த இடத்தில் வாசலிலேயே வரப்பு வரப்பாக மணல் எழும்பியது. தையல்காரி படியிலிருந்து இறங்கி, முதல் வரப்பின் மேல் வலது காலை வைத்து அழுத்திச் சறுக்கினாள். போயிற்று. இடது காலை வைத்தாள். அதுவும் போயிற்று. இன்னும் நான்கு மணி நேரத்து அடிகள் இருந்தன. அவள் தலையைக் குனிந்துகொண்டு மூன்றாவது அடிக்குப் போனாள்.

பின்னால் அக்கா கதவைச் சாத்தி, உள்பக்கமாகச் சாவியை இரண்டு முறை திருப்பினாள்.